பச்சைப் பலகை

மேற்கு ஜட்லாந்தில் அக்டோபர்.
காற்றுக்கு முதுகு காட்டி நின்றால்தான் முள்ளில் புழு கோக்க முடியும்.
ஆறு நாள் மீன் ஆலையில் செத்த மீனோடு,
ஏழாம் நாள் உயிருள்ளதைத் தேடி இங்கே.

டோர்கில் எனக்கு முன்பே வந்திருந்தான்.
அதே ஆலை. எங்கள் ஷிஃப்டுக்கு மேற்பார்வையாளன்.
இருநூறு அடி தள்ளி நின்றோம்,
ஒரு தலையசைப்போடு சரி.

மார்பு வரை ரப்பர் கால்சட்டை போட்டிருந்தான்,
இடுப்பில் வார் கட்டவில்லை.
பார்த்தேன். சொல்லவில்லை.
சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவனிடம்
வாரைக் கட்டு என்று எந்தப் போலந்துக்காரன் போய்ச் சொல்வான்?

இந்தக் கடலுக்குள் ஒரு மணல்மேடு,
பிறகு ஒரு பள்ளம், மறுபடி மேடு.
பள்ளத்துக்குக் குதிரைக்குழி என்று பேர்.
எந்தக் குதிரை விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.
முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவன்
அடுத்த எட்டில் இருக்கமாட்டான்.

இல்லை.

பிறகு தலை மட்டும், நாற்பது மீட்டர் தள்ளி,
ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது,
பேருந்தில் உட்கார்ந்து போகிறவனின் தலை போல.

போனில் ஒரு பெண்.
உள்ளே போகாதே, என்றாள் முதலில்.
இரண்டு பேரைத் தேட எனக்கு ஆளில்லை.
கையை நீட்டி அவனைக் காட்டிக்கொண்டே நில்,
கண்ணை எடுக்காதே.
எங்கே இருக்கிறாய்?

ஜெர்மன்காரன் கட்டிவிட்டுப்போன கான்கிரீட் அரண் பக்கம்.

அந்தக் கரை முழுக்க அரண்தான்.
பச்சைப் பலகை ஒன்று இருக்கும். எண்ணைச் சொல்.

நாலு வருஷமாக அந்தக் கம்பத்தில் சாய்ந்து
பூட்ஸுக்குள் போன மணலைக் கொட்டுகிறேன்.
எண்ணைப் படித்ததில்லை.

கண்ணை எடுக்காதே என்றதும் அவள்தான்,
போய்ப் படி என்பதும் அவள்தான்.
கண்ணை எடுத்தேன்.

ஓடினேன். டி என்ற எழுத்து. பிறகு 473.
டேனிஷ்காரனுக்கு எழுபது என்றால்
நாலில் அரை குறைத்து இருபதால் பெருக்கு.
எழுபத்துமூன்றுக்கு மூன்றை முதலில் சொல்ல வேண்டும்.
ஆலையில் பெட்டி எண்ணும்போதே நாக்கு சுளுக்கும் எனக்கு.
நாலு, என்று கத்தினேன். ஏழு. மூன்று.
ஒவ்வொன்றாக, குழந்தை சோழி எண்ணுவது போல.

புரிந்தது, என்றாள். படகு கிளம்புகிறது.

திரும்பினால் கடல் முழுக்கத் தலைகள்.
எல்லாம் நுரை.

கரையில் அவன் நட்டுவைத்திருந்த இன்னொரு தூண்டில்
அந்த நேரம் பார்த்து நுனி வளைந்து துடித்தது.
நல்ல மீன்.
அதைப் பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஓர் ஆரஞ்சுக் கை.
ஆலைக் கையுறை.
வீட்டுக்கு எடுத்துப்போனால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று
போன வாரம்கூட எங்களை நிற்கவைத்துத் திட்டினானே,
அதே கையுறை.

மல்லாந்து படு, என்று கத்தினேன்.
காற்று என் வார்த்தையை என் வாய்க்குள்ளேயே திணித்தது.
கை நீட்டியபடி நின்றேன், இருபத்தாறு நிமிடம்.
தோள் எரிந்தது. இறக்கவில்லை.
என் விரல் நுனியிலிருந்து அவனுக்கு
ஒரு நரம்பு ஓடுகிறது, விட்டால் அறுந்துவிடும்
என்பது போல.

படகுக்காரர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
என் கை காட்டிய திசையில் போனார்கள்.

துடித்த தூண்டிலை நான்தான் சுற்றினேன்.
கடல் பாஸ், மூன்று கிலோ இருக்கும்.
விட்டுவிட்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும்.
வறுத்துத் தின்றேன்.

பதினோரு நாள் கழித்து வேலைக்கு வந்தான்.
பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
மீன்கள் போய்க்கொண்டிருக்க,
என்ன எண், என்று மட்டும் கேட்டான்.
சொன்னேன். நாலு, ஏழு, மூன்று.
அவன் அதை டேனிஷில் ஒழுங்காக, முழுசாகச் சொல்லி
என்னையும் சொல்லவைத்தான்.
இரண்டாம் தடவை சரியாக வந்தது.

கையுறை பற்றி நானும் கேட்கவில்லை.